சோகச் சீட்டு

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றாள் மடாம் இனாஸ், மாடிப்படியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரகப் துல்பா கம்பியை இடது பக்கம் சாய்த்தான். கோட் மாட்டும் கம்பியை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, கொக்கியில் மென்ற சூயிங்கம் ஒன்றையும் ஒட்டியிருந்தான். பெட்டியின் வாய் ஒரு விரல் அகலம். உள்ளே பதினேழு படிவங்கள். அவற்றில் ஒன்று அவனுடையது. அதை எடுத்தாக வேண்டும்.

எல்லாரும் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குக் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வர இருபது நிமிடம். இரண்டு மணிக்கு அந்தப் பெட்டியை விருந்தாளிகள் முன்னிலையில் திறக்கப் போகிறார்கள்.

"மாட்டிச்சா?"

"ஒண்ணு வருது. என்னுது இல்ல. மூணாவது மாடி வகீஹோடது."

"படிக்காதீங்க, உள்ளேயே போடுங்க, அபூ ஹனா," என்றாள், ரகபை அவன் மகள் பெயரால் அழைத்து. "ரகசியம்னு மேல எழுதியிருக்கு."

எழுதித்தான் இருந்தது. வெள்ளைப் பெட்டியில் தங்க எழுத்து: உங்கள் இதயம் எங்களிடம் பத்திரம். படிவத்தில் பெயர் எழுதவே கூடாது. ஊழியர் எண், மாடி, மேஜை எண் மூன்றும் போதும்.

அந்தக் காகிதம் இரண்டு மணிவரை பெட்டியிலேயே இருந்தால் ரகப் அதிகாரபூர்வமாக மனநலம் குன்றியவன் ஆகிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை அரசு வழக்குத்துறை விசாரணைக்குப் போய், 'நான் தப்பு செய்யவில்லை, அந்த மனிதர் சாவுக்கு நான் காரணமில்லை' என்று சொன்னால், எழுதிக்கொள்கிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்பார். அதற்குப் பிறகு அவனைச் சிறைக்கு அனுப்புவார்களா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா என்பது மட்டும்தான் பாக்கி.

அல்-மிர்காத் லிஃப்ட் நிறுவனத்தில் நாங்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். கெய்ரோ முழுவதும் தொள்ளாயிரம் லிஃப்டுகளைப் பராமரிக்கிறோம். பராமரிக்கிறோம் என்பது ஒப்பந்தத்தில் உள்ள வார்த்தை. மெக்கானிக்குகள் நாலு பேர்.

ரகபும் இனாஸும் இரண்டாம் மாடி டெலிபோன் அறை. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் முதலில் கேட்கும் குரல் இவர்களுடையது. இடத்தை இயக்குநர் அறைக்குச் சொல்ல வேண்டும், மெக்கானிக்கை அனுப்புவது அங்கிருந்துதான். அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரைப் பேச்சிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். ரகப் பதினேழு வருஷமாக இதைச் செய்கிறான். அப்பாசியாவில் ஒரு மணப்பெண்ணை இரண்டு மணி நேரம் சிரிக்க வைத்திருக்கிறான். பிறகு அவள் தன் குழந்தைக்கு அவன் பெயரையே வைத்தாள் என்று கேள்வி. மனநலம் என்று தனியாக ஒரு சமாச்சாரம் இருப்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

மார்ச் பதினொன்றாம் தேதி ஷுப்ராவில் கரவான் தெருவில் ஒரு லிஃப்ட் நின்றது. உள்ளே ஹில்மி பஷாரா, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், இதய நோயாளி. அவர் தன் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டபோது மணி பதினொன்றரை. எடுத்தது ரகப். கட்டடத்துக்காரர்கள் கதவை உடைத்துத் திறந்தபோது மணி மூன்று. வாத்தியார் உட்கார்ந்த வாக்கில் இறந்திருந்தார். வந்து பார்த்த டாக்டர் இறந்த நேரம் 'மதியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நிறுவனத்தின் அறிக்கை இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, மெக்கானிக் ஷஅபான் உடனே புறப்பட்டுவிட்டார். ஆனால் டெலிபோன்காரர் பதற்றத்தில் ஷுப்ரா என்பதற்குப் பதில் ஷுப்ரா அல்-கைமா என்று சொல்லிவிட்டதால் அடுத்த ஊருக்குப் போய்த் தேடினார். இரண்டு, போயிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. வாத்தியார் பத்தே நிமிடத்தில் போய்விட்டார்.

ரகப் மாட்டேன் என்றான். ஊர் பெயரைச் சரியாகத்தான் சொன்னேன், அவர் மணிக்கணக்கில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார் என்றான். பேச்சைப் பதிவு செய்யும் இயந்திரம் அன்றைக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது. எந்தக் கடைக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஷஅபானைக் கேட்டால், அறிக்கையில் இருப்பதுதான் என்பான்.

இதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் நிறுவனத்துக்கு எங்கள் மனத்தின் மீது அக்கறை வந்தது.

நிர்வாக இயக்குநர் பாஷ்முஹந்திஸ் தர்வத் எங்களையெல்லாம் முற்றத்தில் கூட்டினார். பாஷ்முஹந்திஸ் என்றால் இன்ஜினியர்களுக்கெல்லாம் இன்ஜினியர். அவர் படித்தது தோட்டக்கலை. ஆனாலும் மரியாதை மரியாதைதான்.

"மெக்கானிக் வேணும், மெக்கானிக் வேணும்னு ஏழு வருஷமா மனு கொடுக்கறீங்க," என்றார். "நான் ஒண்ணு கேக்கறேன். நாளைக்கே பத்து மெக்கானிக் வந்துட்டா உங்க மனசு நிறைஞ்சுடுமா? நிறையாது. மனசு உள்ளேருந்து நிறையணும். அதுக்கு மெக்கானிக் வேண்டாம், காத்து போதும். மூச்சை இழுங்க, விடுங்க. காத்துக்கு நான் வருஷா வருஷம் டெண்டர் விட வேண்டியதில்லை."

நாங்கள் இழுத்தோம், விட்டோம்.

நான்காம் மாடி காலி செய்யப்பட்டது. உதிரி பாகங்கள் இருந்த இடத்தில் மீன் தொட்டி வந்தது, சரிந்து உட்காரும் மூட்டை நாற்காலிகள் வந்தன, ஒலிபெருக்கியில் அருவி வந்தது. ஆலோசகராக டாக்டர் லமியா வந்தாள். அதுவரை இயக்குநர் அறை வாசலில் டெலிபோன் எடுத்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த அதே லமியாதான். ஆறு நாள் பயிற்சிக்குப் போய்விட்டுச் சான்றிதழோடு திரும்பியிருந்தாள். சான்றிதழில் டாக்டர் என்று இல்லை. கதவில் இருந்தது. குரலைத் தாழ்த்தி, எதிராளி சொன்ன கடைசி வார்த்தையைத் தானும் ஒருமுறை சொல்லி, எல்லாவற்றையும் தேதி, நேரம் போட்டு எழுதிக்கொள்வாள். எழுதுவதுதான் பாதி வைத்தியம் என்பாள்.

முதல் மாதப் படிவங்கள் வந்தன. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு நூற்று நாற்பத்து மூன்று பேரும் ஒரே பதில்: மல்லிகை மாதிரி.

வேறு என்ன எழுதுவது? எங்கள் ஊரில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருப்பவனைக் கேட்டாலும் மல்லிகை மாதிரி என்றுதான் சொல்வான். 'சுமாராக இருக்கிறேன்' என்றால் கேட்டவர் மனசு கஷ்டப்படும், உட்கார வேண்டியிருக்கும், டீ சொல்ல வேண்டியிருக்கும். கேட்டவருக்கு அவ்வளவு சிரமம் கொடுப்பது பண்பில்லை.

இயக்குநருக்கு இது பிடிக்கவில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை என்றால் நான்காம் மாடி எதற்கு என்று இயக்குநர் குழு கேட்டது. லமியா விளக்கினாள்: மல்லிகை என்பதுதான் ஆபத்தான அறிகுறி, மறைக்கிறவர்கள்தான் முற்றியவர்கள். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. இனித் துயருற்றவர்கள் மட்டும் படிவம் போட்டால் போதும். மாதத்துக்கு ஒரு துயருற்றவரையாவது தராத மாடி, மொத்தமாக 'மனம் திறக்கும் வகுப்பு'க்கு வர வேண்டும். நேரம் காலை பத்து முதல் பத்தே முக்கால்.

பத்து மணி என்பது அடுப்பிலிருந்து நேராக ஃபூலும் தாமியாவும், அதாவது மொச்சைக் கூட்டும் மொச்சை வடையும், வந்து மேஜையில் இறங்கும் நேரம். ஆறின ஃபூலை நீங்கள் சாப்பிட்டதில்லை என்றால் அதைப் பற்றி நான் சொல்லிப் பயனில்லை. இரண்டு வாரம் பொறுத்தோம். மூன்றாம் வாரம் இரண்டாம் மாடி கொதித்துவிட்டது.

வழி கண்டுபிடித்தவள் மடாம் இனாஸ். பன்னிரண்டு வருஷமாக ஆபீஸ் சீட்டு நடத்துகிறவள். ஒரு தகராறு கிடையாது. கல்யாணமா, ஆபரேஷனா, அவசரமானவருக்கு முன்னால் கொடுத்து, பொறுக்கக் கூடியவரைப் பின்னால் தள்ளி, எல்லாரையும் சிரித்த முகமாக வைத்திருப்பவள். அதே நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எங்கள் ஒன்பது பேர் பெயரையும் எழுதினாள். மாதம் ஒருத்தர். சீட்டு விழுந்தவர் அந்த மாதம் துயரப்பட வேண்டும். மற்ற எட்டுப் பேர் சூடாகச் சாப்பிடலாம்.

"மாத்திக்கலாமா, மடாம்?" என்று கேட்டார் பதிவு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பஹ்கத். மே மாதம் அவர் மகள் நிச்சயதார்த்தம். அந்த நேரத்தில் துயரப்பட்டால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்?

மாற்றிக்கொள்ளலாம் என்றாள். மிகைப்படுத்தக் கூடாது, சாவைப் பற்றி எழுதக் கூடாது, மேலதிகாரி பெயரை இழுக்கக் கூடாது. மற்றபடி அவரவர் கற்பனை.

பஹ்கத்துக்காக மே மாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஸ்டோர் கணக்கு பார்க்கிறவன் நான். 'இரும்பைப் பார்த்துப் பார்த்து மனம் கனக்கிறது' என்று எழுதினேன். ஐந்து நாள் மூட்டை நாற்காலியில் தூங்கினேன். சர்க்கரை மனத்தைக் கிளறும் என்று டீயில் போட மாட்டார்கள். அது ஒன்றுதான் குறை. ஆறாம் நாள் 'மலர்ந்தவர்' என்று சான்றிதழ் கொடுத்துக் கீழே அனுப்பினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நல்ல ஏற்பாடு என்றே நினைத்தோம்.

ஜூனில் பஹ்கத் போனார். 'என் தலைக்குள் ஏதோ சுற்றிக்கொண்டே இருக்கிறது' என்று எழுதினார். ஆறாம் நாள் அவர் வரவில்லை. இரைச்சல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அமைதியான இடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். புர்ஜ் அல்-அரபில், பாலைவனத்து ஓரம், எங்களுக்கு ஒரு கிடங்கு உண்டு. அங்கே மின்சாரம் கிடையாது என்பதால் இரைச்சலும் கிடையாது.

ஜூலையில் அறிக்கைகள் டைப் செய்யும் நகாத். 'காரணமில்லாமல் அழுகை வருகிறது' என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே மாடியேறினாள். வேலைதான் அழ வைக்கிறது என்று கம்ப்யூட்டரை எடுத்துவிட்டார்கள், பிறகு மேஜையை, பிறகு டெலிபோனை. ஒரு மாதம் காலி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாலாம் வாரம் நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். கடைசியில் திறந்துகொண்டாள் என்று லமியாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அவளையும் புர்ஜ் அல்-அரபுக்கு அனுப்பினார்கள்.

ஆகஸ்டில் மெக்கானிக் ஷஅபான். வேடிக்கைக்கு 'எனக்கு உயரம் பயம்' என்று எழுதினான். இருபது வருஷமாக லிஃப்ட் குழியில் தொங்கியவன். எழுதிக்கொண்டு வந்து எங்களுக்கு வாசித்துக் காட்டியபோது வயிறு வலிக்கச் சிரித்தோம். அவனுக்கு மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று தடை போட்டார்கள். கிடங்கு தரைமட்டம்தானே, அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். மெக்கானிக்குகள் மூன்று பேரானார்கள். லிஃப்டில் மாட்டியவர்கள் இன்னும் நெடுநேரம் மாட்டிக் கிடந்தார்கள். டெலிபோன் அறையில் கத்தல் அதிகமாகியது. மனநலத் திட்டத்தின் தேவை நிரூபணமாகிவிட்டது என்று இயக்குநர் மகிழ்ந்தார்.

ரகபுக்கு மட்டும் சீட்டு இல்லாமலே வாரம் ஒருநாள் நான்காம் மாடி. சம்பவத்தில் சம்பந்தப்பட்டவர் என்பதால் சிறப்பு அக்கறை. மாடி ஏறிப் போவான். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓடி மூன்று வருஷம். அங்கே நடந்ததை அவன் எங்களிடம் முதலில் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு சிரிக்காமல் சொன்னான். பிறகு சொல்லவில்லை.

லமியா ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"எந்த ஊர்னு சொன்னீங்க, ரகப்?"

"ஷுப்ரா."

"ஷுப்ரா," என்று அவளும் சொல்லுவாள். "நிச்சயமா தெரியுமா?"

"நிச்சயம்."

"நிச்சயம்னு சொல்றவங்கதான் உள்ளுக்குள்ள ரொம்பத் துடிக்கிறவங்க. பரவாயில்ல. அவர் உங்ககூட பேசினாருன்னு சொல்றீங்க. லைன் திறந்தே இருந்திருக்கு. திறந்த லைன்ல நாம பேசுறது நமக்கே திரும்பிக் கேக்கும். அதிர்ச்சியில இருக்கறவங்களுக்கு அது வேற ஆள் குரல் மாதிரி இருக்கும். இது உங்க தப்பு இல்ல. தப்பா சொல்லிட்டேன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன். எவ்வளவு லேசாயிடும் தெரியுமா?"

முதல் மாதம் சண்டை போட்டான். இரண்டாம் மாதம் சும்மா இருந்தான். ஜூலையில் ஒருநாள் டெலிபோன் அறையில் இனாஸிடம், "மடாம், நான் ஒருவேளை அல்-கைமான்னே சொல்லியிருப்பேனோ?" என்று கேட்டான். அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். மார்ச் பதினொன்றன்று அவளுக்கு விடுமுறை, வாத்தியார் பேசியதை அவள் கேட்கவில்லை. கேட்டது ரகப் ஒருவன்தான். அவனுக்கே இப்போது தெரியவில்லை. நாலு மாதத்தில் ஒரு மனிதனின் காதை அவனிடமிருந்து கழற்றி எடுத்துவிட்டார்கள், ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல்.

செப்டம்பர் சீட்டு ரகபுக்கு விழுந்தது. புதன்கிழமை படிவத்தில் 'ராத்திரி தூக்கம் இல்லை, பகலில் குரல்கள் கேட்கின்றன' என்று எழுதிப் பெட்டியில் போட்டான். இத்தனை பேரில் பொய் எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் போனவன் அவன் ஒருவன்தான்.

வியாழக்கிழமை காலை வாசல் காவலாளி இனாஸிடம் இரண்டு செய்தி சொன்னான். 'இதயமுள்ள நிறுவனம்' விருதுக் குழு இரண்டு மணிக்கு வருகிறது. அவர்கள் முன்னால்தான் பெட்டியைத் திறப்பார்கள். அதே நேரத்துக்கு வழக்குத்துறை எழுத்தர் ஒருவரும் வருகிறார். ரகபுக்கு ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கான அழைப்பாணையைக் கையிலேயே கொடுக்க வேண்டுமாம். எழுத்தரையும் மேலே உட்கார வைத்து உபசரிக்க வேண்டும், எல்லாவற்றையும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு.

இனாஸ் மேஜை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தாள். பின்பக்கத்தைப் பார்த்தாள். மே: ஸ்டோர்காரன், கீழே வந்துவிட்டான். ஜூன்: பஹ்கத், பதிவு இயந்திரம் எங்கே போனது என்று தெரிந்தவர். ஜூலை: நகாத், மார்ச் அறிக்கையை டைப் செய்தவள். ஆகஸ்ட்: ஷஅபான், அன்றைக்கு அனுப்பினோம் என்று அறிக்கை சொல்கிற மெக்கானிக்.

"குலுக்கினது நான்," என்றாள் என்னிடம். "சீட்டு என்னோடது. ஆனா யாரைத் திருப்பி அனுப்பணும், யாரை வச்சுக்கணும்னு மேல முடிவு பண்ணியிருக்காங்க. நாமதான் ஒவ்வொருத்தரா படிவம் எழுதிப் போட்டு ஏத்தி விட்டிருக்கோம்."

அதனால்தான் கம்பி.

"கிடைச்சிடுச்சு," என்றான் ரகப்.

படிவம் பெட்டி வாயில் பாதி வெளியே வந்தது. மேஜை எண் பதினொன்று. அவனுடையதுதான். இழுத்த அதே நேரம் மேல்மாடியிலிருந்து படியிறங்கும் சத்தம். இனாஸ் இருமினாள். கிழிக்க நேரமில்லை, சட்டைப் பையில் வைத்தால் தெரியும். ரகப் காகிதத்தை நாலாக மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

லமியா கடைசிப் படியில் நின்றாள். கையில் நீல நாடா கட்டிய தடித்த கோப்பு.

"பசியா, ரகப்?"

அவன் தலையசைத்தான்.

"பசி," என்றாள் அவளும், கைக்கடிகாரத்தைப் பார்த்து, கோப்பின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே. "மெதுவா மெல்லுங்க. அந்தப் படிவம் ஒரு சம்பிரதாயம்தான். உங்களுக்கு அது தேவையே இல்ல. எல்லாம் இதுல இருக்கு." கோப்பைத் தட்டிக் காட்டினாள். "வாங்க, மேல காத்திருக்காங்க."

ரகப் விழுங்கினான். விழுங்கிய பிறகுதான் அதனால் ஒரு பயனும் இல்லை என்பது புரிந்தது. அவள் பின்னால் படியேறினான். நாங்களும் போனோம். கூட்டம் காட்ட வேண்டும் என்று எல்லா மாடிக்கும் உத்தரவு.

நான்காம் மாடியில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. விருதுக் குழுவினர் மூன்று பேர் மூட்டை நாற்காலிகளில் புதைந்து, எழுந்திருக்க முடியாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்குத்துறை எழுத்தர் மட்டும் நின்றார். அறுபதை நெருங்கும் ஒல்லி மனிதர். முழங்கை தேய்ந்த கோட். ஒரு கையில் அழைப்பாணை, இன்னொரு கையில் வலுக்கட்டாயமாகக் கொடுத்த கேக் தட்டு. கேக்கைச் சாப்பிடுவதா, தாளைக் கொடுப்பதா என்று தெரியாமல் நின்றார்.

பெட்டியை மேலே கொண்டுவந்து திறந்தார்கள். பதினாறு படிவங்கள் இருந்தன. இயக்குநர் எண்ணிப் பார்த்துக் கவலைப்படவில்லை. அவர் காத்திருந்தது வேறொன்றுக்கு. ரகபை அருகே அழைத்துத் தோளில் கைபோட்டார்.

"இவன் எங்க டெலிபோன்காரன். நல்லவன். நோயாளி," என்று ஆரம்பித்தார். "மத்த கம்பெனியில என்ன பண்ணுவாங்க? ஊழியன் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டா வீட்டுக்கு அனுப்புவாங்க. நாங்க அனுப்பல. மேல கூட்டிட்டு வந்தோம். மீனைக் காட்டினோம். ஞாயித்துக்கிழமை இவன் உங்க ஆபீசுக்கு வந்து என்னென்னமோ சொல்லுவான். தயவு பண்ணி இவன்மேல கோபப்படாதீங்க. பொறுமையா கேளுங்க. நம்பணும்னு அவசியம் இல்ல. கேட்டாலே போதும்."

எழுத்தர் கேக்கைக் கீழே வைத்தார். எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் இயக்குநர் ஏங்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. விருதுக் குழுவைப் பார்த்துத் திரும்பினார்.

"அங்கதான் நாங்க வித்தியாசம். விபத்து நடந்து மூணு வாரம் கழிச்சு நாங்க திட்டம் கொண்டுவந்ததா எல்லாரும் நினைக்கிறாங்க. கிடையாது. இவன் நிலைமை சரியில்லைன்னு அன்னிக்கே கண்டுபிடிச்சோம். அன்னிக்கே. நாட்டுல எந்தக் கம்பெனி இப்படிச் செய்யுது? டாக்டர் லமியா அப்ப என் அறை வாசல்ல இருந்தாங்க. அப்பவே குறிப்பு எடுத்திருக்காங்க. அதுதான் இந்தக் கோப்போட முதல் பக்கம். படிம்மா."

லமியா நாடாவை அவிழ்த்தாள். தாழ்ந்த குரலில், அருவிக்கு மேலாகக் கேட்கும்படி படித்தாள்.

"மார்ச் பதினொன்று. பகல் பன்னிரண்டு நாற்பது. டெலிபோன் ஊழியர் ரகப் துல்பா இயக்குநர் அறைக்கு ஏழாவது முறையாக அழைக்கிறார். குரலில் நடுக்கம். 'ஷுப்ரா, அல்-கைமா இல்லை, கரவான் தெரு, மருந்துக்கடை மாடி' என்ற ஒரே வாக்கியத்தை ஏழு முறையும் மாற்றாமல் சொல்கிறார். மனம் ஒன்றிலேயே சிக்கிக்கொண்டதன் அறிகுறி. ஊழியரின் பக்கத்து டெலிபோனில் லிஃப்டில் இருப்பவர் தண்ணீர் கேட்பது இங்கேயும் கேட்கிறது. ஊழியர் அந்தக் குரலில் அளவுக்கு மீறி ஈடுபட்டிருக்கிறார்."

விருதுக் குழுத் தலைவர் கை தட்டினார். மற்ற இரண்டு பேரும் தட்டினார்கள். எங்களில் யாரும் தட்டவில்லை.

எழுத்தர் மணி என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். லமியா சந்தோஷமாக மறுபடி சொன்னாள். ஊர் பெயரைக் கேட்டார். அதையும் சொன்னாள். அவர் கோட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அழைப்பாணையின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். பிறகு, கோப்பை ஒருமுறை பார்க்கலாமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். பார்க்கலாமே, எங்களிடம் ஒளிவு மறைவு கிடையாது என்று இயக்குநரே வாங்கிக் கொடுத்தார்.

ரகப் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு மட்டும் அசைந்தது. ஷுப்ரா, ஷுப்ரா என்று சொல்வது தெரிந்தது. அழுகிறானா, சிரிக்கிறானா என்று எனக்குப் புரியவில்லை. இனாஸ் அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

எழுத்தர் முதல் பக்கத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பக்கத்தின் அடியில் விரலை வைத்தார்.

"இங்க கீழ பச்சை மையில ரெண்டு வரி இருக்கே. யார் எழுதினது?"

"பச்சை மை இந்தக் கட்டடத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான்," என்றார் பாஷ்முஹந்திஸ் தர்வத், மார்பை நிமிர்த்தி. "எந்தத் தாளா இருந்தாலும் என் குறிப்பு இல்லாம நகராது. சத்தமா படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

எழுத்தர் அருவியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோர்ட்டில் படிக்கிற அதே வறண்ட குரலில் படித்தார்.

"நாலு மெக்கானிக்கும் மால் திறப்பு விழா போட்டோவுக்கு வேண்டும், விழா முடியும்வரை ஒருவரையும் ஷுப்ராவுக்கு அனுப்ப வேண்டாம். டெலிபோன்காரனை மூச்சை இழுத்து விடச் சொல்லவும்."